கத்தரி வைக்கத் தயங்கிய கை: செங்கோட்டைத் தையல்காரர் ஒருவரின் நேரப் பழக்கமும் ஹிப்னோதெரபியும் (நிகழ்வு ஆய்வு)

செங்கோட்டையில் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிற, நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா வைகாசிக் கடைசியில் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். அவர் கேட்டது இதுதான்: "என்னய மயக்கி வச்சு இந்தச் சோம்பேறித்தனத்த மட்டும் எடுத்து விட்டுருங்க மேடம்." அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், பிரச்சினையின் போக்கை மாற்றவில்லை.

சோம்பேறி என்று அவரே தன்னைச் சொல்லிக்கொண்டாரே தவிர, நான் விசாரித்த வரையில் அந்தச் சொல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. விடியக்காலை எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, ஒன்பதரைக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவார். ராத்திரி பத்து வரை கடைதான். சீசன் நேரத்தில் வீட்டுக்குப் போயும் ஒரு மணி, இரண்டு மணி வரை கொக்கி கட்டிக்கொண்டிருப்பார். இவ்வளவு உழைத்தும் சொன்ன தேதியில் ஜாக்கெட் கொடுக்க முடிவதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் கடை வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள், போன் அடித்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்றார். கேட்பவர்கள் எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "புதன்கிழமை தந்துருதேன்." எந்தப் புதன்கிழமை என்பதுதான் அவருக்கே தெரியாது.

இந்த ஊரின் காலக்கணக்கு தெரியாமல் இவர் பிரச்சினை புரியாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் கேரள எல்லையில் இருக்கிற புளியரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொந்தம், வியாபாரம் இரண்டும் உண்டு. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை இவருக்கு வாடிக்கை இருக்கிறது, 2018-இல் அகல ரயில் பாதை திறந்த பிறகு அது இன்னும் கூடியது. ஆடியில் கல்யாணம் கிடையாது. சாரல் விழும், குற்றாலத்தில் கூட்டம் இருக்கும், கடையில் ஆள் இருக்காது. ஆவணி பிறந்ததும் இங்கே முகூர்த்தம், அங்கே அதே மாதம் சிங்ஙம், ஓணம். கல்யாண ஜாக்கெட்டும் ஓணத்துக்குக் கசவுச் சேலையோடு போடுகிற ஜாக்கெட்டும் ஒரே நேரத்தில் வந்து அவர் மேசையில் குவியும். ஒரு மாதம் சும்மா, அடுத்த மாதம் மூச்சுத் திணறல். ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

முதலில் உடம்பைப் பார்க்கச் சொன்னேன். தைராய்டு, ரத்த அளவு இரண்டும் சரியாக இருந்தன. மனச்சோர்வுக்கான கேள்விகளில் கவலைப்படும்படி எதுவும் இல்லை, கவனச்சிதறல் சின்ன வயதிலிருந்து இருக்கிறதா என்று துருவிப் பார்த்தும் அப்படித் தெரியவில்லை. தூக்கம் மட்டும் சீசனில் கெடுகிறது. இதையெல்லாம் செய்யாமல் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. தைராய்டு குறைவினால் வருகிற அசதிக்கு மாத்திரை வேண்டும், ஆலோசனை நேரத்தை அதில் வீணாக்கக் கூடாது.

அடுத்தது நோட்டு. ஹிப்னாஸிஸ் (மனசை ஒருமுகப்படுத்தி, அந்த நிலையில் யோசனைகளைப் பதியவைக்கிற முறை) பேச்சையே எடுக்காமல், ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆரம்பிக்கும் முன் ஒரு பக்கத்திலும், உண்மையில் எவ்வளவு ஆனது என்று முடித்த பின் எதிர்ப்பக்கத்திலும் எழுதச் சொன்னேன். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் என்பது அவர் மனக்கணக்கு. மிஷினில் உட்கார்ந்து தைக்கிற நேரம் மட்டும் என்றால் அது சரியும்கூட. ஆனால் அளவு ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெட்டி, லைனிங் சேர்த்து, ஓவர்லாக் அடித்து, ஹெம்மிங், கொக்கி, இஸ்திரி என்று முடிக்கும்போது இரண்டரை மணி நேரத்தை நெருங்கியது. நடுவில் வருகிற போனும் ஆட்களும் வேறு.

இது அவருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தக் கணக்குப் பிசகைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1994-இல் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55.5 நாள். முன்பு எத்தனை தடவை தாமதமாகியிருந்தாலும் இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அக்கா தன் நோட்டின் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் ஒரு நாள்ல வாங்குத ஆர்டர தைக்க ரெண்டு நாளுக்கு மேல வேணும்லா?" என்றார். ஆமாம். இந்தக் கணக்கை எந்த ஹிப்னாஸிஸாலும் மாற்ற முடியாது. என்னிடம் நேரப் பிரச்சினை என்று வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டியது. சாதாரண காட்டன் ஜாக்கெட் வந்த வரிசையில் முடிந்துகொண்டிருந்தது. பட்டு ஜாக்கெட் மட்டும் நாள்கணக்கில் தள்ளிப்போனது. என்ன நடக்கிறது என்று நிமிஷம் நிமிஷமாகச் சொல்லச் சொன்னேன். துணியை வெட்டுமேசையில் விரிப்பார், நீவிவிடுவார், கோடு போடுவார். கத்தரியை எடுப்பார். அங்கே நின்றுவிடும். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, முடித்து வைத்த ஏதோ ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்ட உட்கார்ந்துவிடுவார், இல்லையென்றால் டீ போடப் போவார். பட்டுத்துணி மேசையிலேயே மடங்கிக் கிடக்கும். சாயந்திரம் அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார், மறுநாளும் இதேதான். வெளியிலிருந்து பார்த்தால் வேலை செய்துகொண்டே இருக்கிறார். செய்ய வேண்டிய வேலை மட்டும் நடக்கவில்லை.

பல வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டில் கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டாராம். சேலையோடு வருகிற துணி என்பதால் வேறு வாங்கவும் வழியில்லை. காசு கொடுத்துச் சமாளித்தார், ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா மண்டபத்தில் நாலு பேர் முன்னால் பேசிய பேச்சு போகவில்லை. இதை முழு விழிப்பில், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஹிப்னாஸிஸில் ஆளைப் பின்னோக்கிக் கொண்டுபோய் மறந்ததை எடுக்கிறேன் என்று பலர் செய்கிறார்கள். அப்படி வருகிற நினைவுகளில் நிஜத்தோடு கற்பனையும் கலந்து வரும், அதோடு அது நிஜம்தான் என்கிற உறுதியும் ஆளுக்குக் கூடிவிடும். அந்த வேலையை நான் எடுக்கவே இல்லை.

வேலையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் நேரத்தைப் பற்றிய பிரச்சினையாக இல்லாமல், அந்த வேலையைத் தொடும்போது வருகிற சங்கடத்திலிருந்து தப்பிக்கிற வழியாக இருக்கிறது என்று ஃபியூஷா சிரோயிஸும் டிமோத்தி பைச்சிலும் 2013-இல் எழுதினார்கள். இவர் விஷயத்தில் அது அப்படியே பொருந்தியது. தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. கத்தரி துணியில் படுகிற அந்த ஒரு கணத்தில்தான் பயம் உட்கார்ந்திருந்தது. இன்னொரு இடம் கடை முன்பக்கம். "எப்போ கிடைக்கும்?" என்று கேட்கிறவர் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல அவரால் ஆகாது. மதினி, அத்தை, சேச்சி என்று எல்லோரும் உறவுமுறை வைத்துப் பேசுகிறவர்கள். ஆக, ஹிப்னாஸிஸுக்கு இந்த இரண்டு இடம் போதும் என்று முடிவு செய்தேன். "இனி நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவீர்கள்" என்று பொதுவாக ஒரு யோசனையை மனசுக்குள் போட்டால் அது எங்கேயும் ஒட்டாது.

அவருடைய வீட்டுக்காரர் பயந்தார். எல்லைப் பக்கத்தில் மாந்திரீகம், வசியம் என்ற பேச்சுக்குப் பஞ்சம் இல்லை, அவர் கேட்டதும் அதைத்தான்: "வசியம் மாதிரி எதுவும் ஆயிராதுல்லா?" மறைக்க எதுவும் இல்லை, நீங்களும் அறையிலேயே உட்காருங்கள் அண்ணாச்சி என்றேன். 1845-இலேயே வங்காளத்தில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்கிற மருத்துவர் இதன் பழைய வடிவத்தை வைத்து அறுவைச் சிகிச்சையே செய்தார் என்பதையும் சொன்னேன். தூக்கம் வராது, நினைவு தப்பாது, நான் பேசுவதும் கேட்கும், கொல்லம் ரோட்டில் போகிற லாரி ஹாரனும் கேட்கும், பிடிக்காவிட்டால் கண்ணைத் திறந்து எழுந்து போகலாம் என்று இருவரிடமும் விளக்கினேன். முதல் அமர்வு முழுக்க அண்ணாச்சி மூலையில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த தடவை வெளியே பைக்கிலேயே காத்திருந்தார்.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி பிடிக்காது. ஆளுக்கு ஆள் எவ்வளவு ஈடுபாடு வருகிறது என்று அளக்க வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் ஸ்டான்ஃபோர்டில் 1959-இல் ஒரு அளவுகோலே செய்தார்கள். சிலருக்கு மிக ஆழமாகப் போகும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது, பெரும்பாலோர் நடுவில். இவரையும் கை கனப்பது, இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று இழுப்பது மாதிரியான சின்னச் சோதனைகளில் பார்த்தேன். நடுத்தரம்தான். அது போதும்.

மனசை ஒருமுகப்படுத்த அவருக்குப் பழகிய சத்தத்தையே எடுத்துக்கொண்டேன். இப்போது மோட்டார் மிஷின் வைத்திருந்தாலும் அவர் தொழில் படித்தது காலால் மிதிக்கிற மிஷினில். கண்ணை மூடி, அந்த மிதியின் தாளத்தை உள்ளுக்குள் கேட்கச் சொல்லி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கிக்கொண்டே போனேன். மூச்சு அதோடு இறங்கியது, தோள் தளர்ந்தது. நன்றாக ஆழ்ந்த பிறகு வெட்டுமேசைக்குக் கூட்டிப்போனேன். "பட்டுத்துணி விரிஞ்சு கிடக்கு. கோட்டைப் பார்க்கீங்க. கத்தரி வளையத்துல விரல் போகுது. நெஞ்சு இறுகுதுன்னா ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குங்க." விரலைத் தூக்கினார். பத்துக்கு எவ்வளவு பயம் என்றால் எட்டு என்றார். அங்கேயே நிறுத்தி, மூச்சை வெளியே விடச் சொல்லி, அடங்கிய பிறகு மறுபடியும் கத்தரி. ஓரத்தில் ஒரே ஒரு வெட்டு. அதோடு போதும். அடுத்தடுத்த அமர்வுகளில் கைக்குழி வரை, பிறகு அவர் ரொம்பப் பயந்த கழுத்து வளைவு வரை போனோம். ஆனி முடிவதற்குள் எட்டு மூன்றாக இறங்கியது.

இதோடு ஒரு கொக்கியும் போட்டோம்: விரல் கத்தரி வளையத்துக்குள் போனதும் மூச்சு வெளியே போகும், மூச்சு வெளியே போனதும் முதல் வெட்டு விழும். இந்த மாதிரி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடத்தோடு கட்டிப்போட்ட தீர்மானங்கள் நன்றாக வேலை செய்கின்றன என்று பீட்டர் கோல்விட்சர் நிறைய எழுதியிருக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 ஆய்வுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் நடுத்தரத்துக்கு மேலேயே இருந்தது. இதற்கு ஹிப்னாஸிஸே வேண்டியதில்லை, காகிதத்தில் எழுதிவைத்தாலே பலன் உண்டு. ஹிப்னாஸிஸ் இங்கே தந்தது ஒத்திகைக்கான இடம். கண்ணை மூடிய நிலையில் அந்தக் கணம் நிஜம் போலவே வந்தது, பயமும் வந்தது, பயம் வந்த இடத்திலேயே புதுப் பழக்கத்தை வைத்துப் பழக முடிந்தது. நான் இந்த முறையைப் பயன்படுத்துவது இதற்காகத்தான், வேறு எந்தச் சக்தியும் இதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வீட்டில் கேட்க என் குரலிலேயே ஒரு சின்னப் பதிவை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துக் கேட்டார், தூங்கிவிட்டார். உழைத்துக் களைத்த உடம்பு, தூங்கத்தான் செய்யும். கடையைத் திறந்ததும், ஆள் வருவதற்கு முன், வெட்டுமேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும்படி மாற்றிக்கொண்டோம். கேட்டு முடித்தவுடன் அன்றைய பட்டுத்துணியை வெட்டிவிட வேண்டும், அதற்கு அப்புறம்தான் போனைத் தொடுவது. ஆடி மாசம் இதற்கு வாகாக அமைந்தது. கூட்டம் இல்லாததால் அவசரமே இல்லாமல் இரண்டு வாரம் பழக முடிந்தது. ஆவணியில் வந்திருந்தால் இதைச் செய்திருக்கவே முடியாது.

வெட்டும் பயம் சீக்கிரம் குறைந்தது. "முடியாது" என்று சொல்வது குறையவில்லை. அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தோம்: "எப்போ தருவீங்க?" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாய் பேசுவதற்கு முன் கை ஆர்டர் நோட்டுக்குப் போக வேண்டும், காலியாக இருக்கிற தேதியைப் பார்த்துத்தான் பதில். அறையில் அழகாக வந்தது. ஆடிக் கடைசியில் தென்மலையிலிருந்து ஒரு சேச்சி, வீட்டுப் பெண்கள் எல்லோருக்குமாக எட்டு ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஓணத்துக்கு முன்னாடி போதும் கேட்டோ" என்றார். நோட்டு நோட்டாகவே இருந்தது, அக்காவின் வாயில் "சரி சேச்சி" வந்துவிட்டது. அந்த வாரம் மறுபடி ராத்திரி வேலை. என்னிடம் வந்து அழுதார், எனக்குள்ளே இது மாறவே மாறாது மேடம் என்றார்.

இந்த இடத்தில் இன்னும் ஆழமான ஹிப்னாஸிஸ் வேண்டும் என்று இறங்குவதுதான் இந்தத் தொழிலில் பலர் செய்வது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தெரிந்த முகம், நேரில், கையில் துணியோடு நிற்கிறது. அந்த நிமிஷத்தில் ஒரு மனுஷி தனியாகத் தன் மனபலத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்க வேண்டும்? அண்ணாச்சியையும் உட்காரவைத்துப் பேசினோம். நோட்டுக் கணக்கின்படி ஒரு நாளைக்கு லைனிங் ஜாக்கெட் நாலு, பட்டு என்றால் மூன்று. ஆர்டர் நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் அத்தனை கோடு மட்டும் போட்டு வைப்பது, கோடு நிறைந்தால் அந்தத் தேதி முடிந்தது. பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதி எழுதுவதில்லை. ஆவணி பிறந்த கொஞ்ச நாளில் கோடு நிறைந்ததும் அண்ணாச்சி ஒரு அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் "ஓணம் ஆர்டர் முடிந்தது" என்று எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டார்.

அந்த அட்டை என் பல அமர்வுகளைவிட அதிகம் சாதித்தது. ஆனால் அட்டையைத் தொங்கவிட்ட முதல் நாள் அவர் இரண்டு தடவை அதைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறார். ஆட்கள் அதைப் படித்துவிட்டுத் தன் முகத்தைப் பார்க்கும்போது வருகிற கூச்சம். அதற்குத்தான் அடுத்த அமர்வைப் பயன்படுத்தினோம்: அட்டை தொங்குகிறது, சேச்சி படிக்கிறார், முகம் சுருங்குகிறது, அக்காவின் கை அட்டைக்குப் போகாமல் மடியிலேயே இருக்கிறது, கூச்சம் ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. கூச்சத்தை இல்லாமல் ஆக்கவில்லை, அது இருக்கும்போதே சும்மா இருக்கப் பழகினார். அதற்குப் பிறகு அட்டை ஓணம் வரை தொங்கியது.

ஆவணி எப்படிப் போனது? ஆர்டர் எண்ணிக்கை முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. எழுதிய தேதியில் கொடுத்தது பெரும்பாலானவை, தவறியவற்றில் அதிகம் ஆரி எம்பிராய்டரி வேலைக்கு வெளியே கொடுத்தவை. ராத்திரி பதினொன்றுக்குப் படுத்துவிட்டார், முகூர்த்தத்துக்கு முந்தின ஓரிரு ராத்திரிகளைத் தவிர. வருமானம் குறையும் என்று அண்ணாச்சிக்கு ஒரு பயம் இருந்தது. அவசரமாகக் கேட்டவர்களிடம் கூடுதல் கூலி வாங்க ஆரம்பித்ததாலும், தாமதத்துக்காகக் கூலியைக் குறைத்துக்கொள்வது நின்றதாலும் ஏறக்குறையச் சமமாகவே வந்தது என்றார்கள்.

இதில் ஹிப்னாஸிஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு நபரின் அனுபவம் போதாது. நோட்டு, அட்டை, வீட்டுக்காரரின் துணை, ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டது எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. பொதுவாக ஹிப்னாஸிஸுக்கு வலுவான சான்றுகள் இருப்பது வலியிலும், குடல் எரிச்சல் நோயிலும். சிகரெட்டை விடுவதற்கு இது மற்ற முறைகளைவிட மேல் என்று சொல்லச் சான்று போதாது என்று 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. 1995-இல் இர்விங் கிர்ஷும் குழுவும் 18 ஆய்வுகளைத் தொகுத்து, நடத்தைச் சிகிச்சையோடு ஹிப்னாஸிஸைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று காட்டினார்கள். நான் இதைக் கையாளுவதும் அந்த வழியில்தான். துணை மருந்தாக மட்டும். ஆகவே ஒரே அமர்வில் வாழ்க்கையை ஒழுங்காக்குகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போவதற்கு முன், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, இல்லை மனநல மருத்துவரா என்று பாருங்கள். இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது மாதிரியான தொந்தரவு இருக்கிறவர்களை இதில் உட்காரவைக்கவே கூடாது.

தை மாசம் மறுபடி வந்தார். பட்டுத்துணி வெட்டுவதில் தயக்கம் திரும்பவில்லை. போன் பதிவைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார், அது இல்லாமலே கை போகிறது. நேரம் எழுதுகிற நோட்டை மட்டும் கார்த்திகையில் நிறுத்தியிருக்கிறார், நிறுத்தியதும் மனக்கணக்கு பழையபடி "ஒரு மணி நேரம்" பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. அதை உடனே மறுபடி தொடங்கச் சொன்னேன். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவள்தான் எழுதுகிறாள். ஆரி வேலைத் தாமதம் அப்படியே இருக்கிறது. அதற்கு என்னிடம் வழியில்லை, இன்னொரு ஆரி ஆள்தான் வேண்டும். சுரண்டையில் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறார், பங்குனி முகூர்த்தத்துக்கு இரண்டு துணி கொடுத்துப் பார்க்கப் போகிறாராம்.